யு.எம்.டி. தட்டுகளை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது, என் அண்ணன் மகன் சிறுவயதில் விளையாடிய பி.எஸ்.பி. என்னும் கையடக்க வீடியோ கேம் கருவியும், அதில் போடும் விளையாட்டுகள் பதிந்த ஏழு யு.எம்.டி. தட்டுகளும் பரணில் கிடைத்தன. பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்காக மூட்டை கட்டியவற்றை, மனம் கேளாமல் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட அக்கருவிக்கென்றே உருவான இத்தட்டின் விட்டம் 60 மில்லிமீட்டர்தான். ஆயினும் 700 மெகாபைட் கொள்ளும் சி.டி.யை விஞ்சி, 1.8 கிகாபைட் வரை கொள்ளும். விரல் படாதபடி பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தவர்கள், லேசர் படிப்பதற்காக அடியில் விட்ட திறப்புக்கு மூடி வைக்கவில்லை. நம் ஊர்ப் புழுதிக்கு அது தோதாகிப் போயிற்று. எங்கள் தட்டுகளில் ஒன்று மச்சுப்படியில் விழுந்து கூடு இரண்டாகப் பிளந்தபோது, வண்ணார்பேட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் ஊசிமுனையால் ஓரத்தில் மட்டும் பசை தொட்டு ஒட்டிக் கொடுத்தார். அது இன்றும் ஓடுகிறது.

சி.டி. பழுதானால் வேறொரு சி.டி.யில் பதிந்து வைத்துக்கொண்டோம். யு.எம்.டி.க்கு அந்த வழியே கிடையாது. வெற்றுத் தட்டோ, பதியும் கருவியோ பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை. திரைப்படங்களும் இதில் வெளிவந்தன என்றாலும், அவற்றையும் பி.எஸ்.பி.யில்தான் பார்க்க முடிந்தது. சோனியின் பின்வந்த கருவிகளான 2009இன் ‘பி.எஸ்.பி. கோ’, 2011இன் ‘வீட்டா’ ஆகியவற்றில் தட்டு போடும் இடமே இல்லை. விளையாட்டுகளை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள், பி.எஸ்.பி. கருவியிலிருந்தே வாங்கும் வசதியும் 2021 ஜூலையில் நின்றுவிட்டது. ஆகவே, ஓடுகிற கருவி ஒன்று எடைக்குப் போகும்போது, அதை நம்பியிருக்கும் தட்டுகளும் வெறும் பிளாஸ்டிக்காகின்றன.

கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தில் ஒலிநாடா, பிளாப்பி, சி.டி. ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிடாமல், பிள்ளைகள் மூடியைத் திறந்து தட்டைப் போட்டுப் பார்க்கும்படி ஒரு மேசை அமைத்தால் நன்றாயிருக்கும். தட்டு சுழலத் தொடங்கும் அந்த ‘கிர்ர்’ ஓசையைப் படத்தில் காட்ட முடியாது. எங்களிடம் உள்ளவற்றைத் தருவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம். பேட்டரி உப்பிவிட்டதால் அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் நேரடியாக ஓட்டுகிறோம். மேசைக்கு அருகே ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.