கொலுசு பட்டறை சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலம் செவ்வாய்பேட்டை ஆபீஸ்ல மாசாமாசம் கூட்டம் நடந்துச்சு, ஆடியில மாரியம்மன் பண்டிகைனு ஒருத்தரும் வரல, அந்த மாசம் மட்டும் விட்டுட்டோம். சந்தா வசூல் பரவால்ல. எடை மெஷினுக்கு முத்திரை போட்டாச்சு.

என் நேரத்துல பாதிய தின்னது எடை லிஸ்ட்தான். குடுத்த வெள்ளி, கொலுசா திரும்பி வந்தது, பாக்கி, இது மூணும் பட்டறை வாரியா கம்ப்யூட்டர்ல கருப்பு ஸ்க்ரீன்ல வரும், அத போட்டோ புடிச்சு குரூப்ல போடுவோம். எல்லா நம்பரும் இடது ஓரத்துல ஒட்டி நின்னுச்சா, 12.500ம் 125.000மும் ஒரே மாதிரி தெரிஞ்சு ஒரு நாள் பெரிய சண்டையே வந்துருச்சு.

நம்பர வலது பக்கம் ஒட்டி, புள்ளிக்கப்புறம் மூணு எடம்னு மாத்துனதும் புள்ளியெல்லாம் நேரா நின்னுச்சு. ஆனா பட்டறை பேரு (குகை, அம்மாபேட்டைனு ஏரியா பேருதான்) அடங்கல. மொதல்ல இருந்தது சிங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதுன ப்ரோக்ராம், அதுல பேருக்கு மொத்தம் 15 எடம் ஒதுக்குன்னா அது எழுத்த எண்ணாது, பைட்ட (கம்ப்யூட்டர் சேமிக்கற சின்ன அளவு) எண்ணும், யூடிஎஃப்-8ங்கற எழுத்து சேமிக்கற முறைல தமிழ் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், அப்ப அம்மாபேட்டைக்கு 33 ஆயிருது, காலி எடம் ஒண்ணு கூட விடல. சரினு பைத்தான்ங்கற இன்னொரு மொழிக்கு மாத்துனோம். அது கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது, நம்ம கண்ணுக்கு ரெண்டே எழுத்தான குகை அதுக்கு 4, ஆறெழுத்து அம்மாபேட்டை அதுக்கு 11. 15ல மிச்சம்னு குகைக்கு 11 காலி எடமும் அம்மாபேட்டைக்கு 4 காலி எடமும் விட்டா வரி எப்படிங்க நேரா நிக்கும்? டேப்னு தாவற குறி போட்டும் பாத்தாச்சு, அது 8 எடத்துக்கு ஒரு தடவ தாவுது, நீளமான பேரு வந்தா அடுத்த கட்டத்துக்கே ஓடிருது. எழுத்த சரியா எண்ணுனா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல, ண அகலம் வேற, ர அகலம் வேற.

கடைசில பேர தூக்கி வரியோட கடைசில போட்டுட்டோம். நம்பர் மூணும் முன்னாடி, பேரு பின்னாடி, அதுக்கப்புறம் எதுவும் இல்லாததால அது எங்க முடிஞ்சா என்ன. இதுக்கு நாலு மாசம் ஆச்சுனு சொல்ல கூச்சமாத்தான் இருக்கு. பாக்கி மொதல்ல கண்ணுல படுதுனு ரெண்டு பேரு வருத்தப்பட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

ரூபா கணக்கு மட்டும் இன்னும் பாக்கி. கமா போடுனு சொன்னா பைத்தான் 1,00,000னு போடாம 100,000னு போடுது, பொருளாளர் அண்ணன் அத ஏத்துக்கவே மாட்டேங்கறாரு. அதனால வரவு செலவ கையாலயே எழுதி கொண்டு வந்துருக்காரு, அவரே இப்ப படிப்பாரு.