விலையை மட்டும் எழுதினால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்திருந்தது. வெய்ன் கிரெட்ஸ்கி என்ற கனடா ஐஸ் ஹாக்கி வீரரின் படம் போட்ட ஒரே ஒரு கார்டு 2021-ல் 37.5 லட்சம் டாலருக்கு, அன்றைய கணக்கில் சுமார் 27 கோடி ரூபாய்க்கு, கைமாறியது என்று போட்டு, உங்கள் வீட்டுப் பரணிலும் தேடிப் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு தலைப்பும் வைத்திருந்தீர்கள். செய்தியில் பொய் இல்லை. ஆனால் அந்த நாலு வரியால் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 1999-லிருந்து ஐஸ் ஹாக்கி கார்டு சேர்க்கிறேன், இன்றைக்கு 412 கார்டு இருக்கிறது. ஊரில் இது தெரியும் என்பதால் செய்தி வந்த வாரமே ஆறு பேர் கார்டும் கையுமாக வந்துவிட்டார்கள், அதில் ஒருவர் கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். இங்கே எப்படி இவ்வளவு கார்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். 1990-ல் இலங்கையில் சண்டை முற்றியபோது கடல் தாண்டி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் பலர் பிற்பாடு டொராண்டோ பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து வரும் பார்சலில் சாக்லேட், தைலம், பிள்ளைகளின் பழைய சட்டை, அதற்கு நடுவில் ஒரு கட்டு கார்டும் இருக்கும். படம் அழகாக இருக்கிறதே என்று பீரோவில் போட்டு வைப்பார்கள், அவ்வளவுதான்.

வந்தவர்களில் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, இருநூறு கார்டு இருக்கும். மகள் நர்சிங் இரண்டாவது வருஷம், கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "தம்பி, இதில் ஒண்ணு தேறினாக்கூடப் போதும்" என்று சொல்லிவிட்டு நான் ஒவ்வொன்றாகத் திருப்புவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாமே 1990-91, 1991-92 கார்டுகள். கிரெட்ஸ்கி கூட இரண்டு இருந்தார். கட்டு மொத்தத்துக்கும் ஐம்பது ரூபாய் கொடுக்க ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் செய்தியில் இன்னும் மூன்று வரி இருந்திருந்தால் அந்த அக்கா அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருக்க மாட்டார்.

அந்த மூன்று வரி இதுதான். 27 கோடிக்குப் போனது 1979-80-ல் ஓ-பீ-சீ வெளியிட்ட 18-ம் எண் கார்டு. கிரெட்ஸ்கியின் முதல் வருஷக் கார்டு, கார்டு சேர்ப்பவர்கள் பாஷையில் ரூக்கி கார்டு. ஓ-பீ-சீ கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரில் இருந்த சூயிங்கம் கம்பெனி. நம் சின்ன வயதில் பபுள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வந்ததே, அதே மாதிரிதான் அங்கேயும். தாள்களைக் கம்பியால் அறுத்ததால் அந்தக் கார்டுகளின் ஓரம் பிசிர் பிசிராக இருக்கும். போதாததற்கு அந்த வருஷம் நாலு பக்கமும் நீலக் கரை, கொஞ்சம் உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும். வாங்கிய பிள்ளைகள் கால்சட்டைப் பையில் திணித்தார்கள், சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டினார்கள். அப்படியிருக்க ஓரம் கெடாமல், படம் நடுவில் சரியாக விழுந்து, பிஎஸ்ஏ என்ற தரம் பார்க்கும் நிறுவனம் 10-க்கு 10 போட்ட பிரதி அப்போது இரண்டே இரண்டுதான், அதில் ஒன்றுக்குத்தான் அந்த விலை. அதே கார்டு ஓரம் தேய்ந்து இருந்தால் விலை எத்தனையோ மடங்கு இறங்கிவிடும். அதே படத்தை அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனியும் போட்டது, அது வேறு விலை. பத்து வருஷம் கழித்து 1990-91-ல் அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செட் என்று புதுக் கம்பெனிகள் போட்டிக்கு இறங்கி மலை மலையாக அச்சடித்துத் தள்ளின. வாங்கியவர்களும் நாளைக்கு விலை ஏறும் என்று பத்திரமாகவே வைத்துக்கொண்டார்கள். எல்லாரிடமும் நல்ல நிலையில் இருக்கிற பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? நம் வீட்டுப் பார்சலில் வருவது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கார்டுதான்.

இன்னொரு பையன், ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிறவன், உங்கள் செய்தியைப் பார்த்த வேகத்தில் அந்த 18-ம் எண் கார்டையே ஆன்லைனில் யாரிடமோ 6,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்தான். நகை வேலை செய்யும் நண்பரின் லென்ஸை வாங்கி வைத்துப் பார்த்தேன். அசல் கார்டில் படம் மட்டும்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும், எழுத்தும் கோடும் ஒரே மையாக அழுத்தமாக இருக்கும். இதில் எழுத்தே புள்ளிகளாக உடைந்திருந்தது, யாரோ ஸ்கேன் செய்து அடித்த நகல். பணம் போனது போனதுதான். ஒன்றரை மாத மெஸ் காசு சார் என்றான். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாமே என்று கோபம் வந்தது, அவனிடம் காட்டவில்லை.

சரி, விலையே இல்லாத கார்டை நீ ஏன் 26 வருஷமாகச் சேர்க்கிறாய் என்று கேட்பீர்கள்.

முகாமில் இருந்த என் சிநேகிதன் கனடா போய் முதன்முதலில் போட்ட கடிதத்துக்குள் ஒரு கார்டு இருந்தது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கேப்டன் மேட்ஸ் சன்டின், நீலச் சட்டை, 13-ம் எண். "மச்சான், இஞ்ச எல்லாரும் இதைப் பற்றித்தான் கதைக்கினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நீங்கள் ஐஸ் கொம்பனிக்காரர்தானே, பார்த்துச் சொல்லு" என்று எழுதியிருந்தான். எங்கள் அப்பாவும் அதே ஐஸ் கம்பெனியில்தான் இருந்தார். ஐஸ் என்றால் இந்தக் கரையில் மீனுக்குப் போடுவது, உடைத்துப் படகில் ஏற்றுவது. அதன்மேல் ஓடி விளையாடுவார்களா என்று நாங்கள் இரண்டு பேரும் கார்டை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், பல அரங்குகளில் தரைக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த உப்புக் கரைசலைத்தான் ஓட விடுகிறார்கள், அதன்மேல் 200 அடிக்கு 85 அடி அளவில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பனித்தரை உறைகிறது. எங்கள் கம்பெனியிலும் அம்மோனியா குளிர வைப்பது உப்புத் தண்ணீர்த் தொட்டியைத்தான், அதில் இறக்கிய கேனுக்குள்தான் ஐஸ் பார் உறைகிறது. அதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அதற்கப்புறம் கார்டு வந்தால் எனக்கு முன்னால் அவர்தான் வாங்கிப் பார்ப்பார்.

இங்கே கடை கிடையாது, மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு டாலர் கார்டுக்குத் தபால் செலவு பதினைந்து டாலர் ஆகும், சுங்க வரி தனி. அதனால் ஆள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி, சிநேகிதன் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரும்போது பத்து இருபது கொண்டுவருவான். பாக்கெட் பிரிக்கிற சுகம் எனக்குக் கிடைத்ததே இல்லை. அப்பர் டெக்கில் யங் கன்ஸ் என்ற ரூக்கி கார்டு சில பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், அதற்காக அங்கே பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். நமக்கு அது கட்டாது. எது வேண்டும் என்று ஒரு வருஷம் யோசித்து ஒரே ஒரு கார்டு கேட்டு வாங்குவேன். 1989-ல் வாஷிங்டன் அணிக்கு ஆடிய ராபின் பாவாதான் என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்று தெரிந்ததும் அந்த வரிசையில் தேட ஆரம்பித்து, அப்பா வழியில் பஞ்சாபியான மேனி மல்ஹோத்ராவின் கார்டை நியூயார்க் ரேஞ்சர்ஸ் சட்டையில் வாங்கியிருக்கிறேன். என் கையில் இருக்கிற ஒவ்வொரு கார்டும் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. உப்புக் காற்றுக்குக் கார்டு அப்பளம் மாதிரி வளையும். பளபளப்புப் பூச்சு உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்துவிடும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வைக்கிறேன். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். என் மனைவி முதலில் பரணில் ஏற்றியது ரேஷன் கார்டும் அந்தச் சம்படமும். நான் அன்று கம்பெனியில் மாட்டிக்கொண்டேன். நான் சொல்லாமலேயே அவள் அதைச் செய்தாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு போகாது, ஐஸ் ஓடாது. என்.எச்.எல்.-லின் ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களும் ஏறக்குறைய அதே இரண்டு மாதம்தான் நடக்கின்றன. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை. வருமானம் இல்லாத அந்த அறுபது நாளை நான் அப்படித்தான் கடத்துகிறேன், கார்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆடுகிறவரைப் பார்ப்பேன். டொராண்டோ 1967-க்கு அப்புறம் கோப்பை வாங்கவில்லை, இருந்தாலும் சிநேகிதனுக்காக அவர்களைத்தான் ஆதரிக்கிறேன். 2025 ஏப்ரல் 6-ம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள், எங்கள் பக்கம் அன்றைக்குப் பாலத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. நம் நேரப்படி அன்று இரவே அமெரிக்காவில் அலெக்ஸ் ஒவெச்கின் தன் 895-வது கோலை அடித்து கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டினார். பகலில் பாலத்துக்காகக் கைதட்டிவிட்டு வந்து, ராத்திரி ஒவெச்கின் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் கைதட்டினேன். அந்தக் கார்டை நல்ல விலைக்கு ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இப்படிப்பட்ட செய்தி போடும்போது எந்த வருஷம், எந்தக் கம்பெனி, எந்த எண், என்ன நிலை என்று தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். பழைய நாணயம், பழைய ரூபாய் நோட்டு என்று வரும் செய்திகளுக்கும் இதே வேண்டுகோள்தான், அதிலும் இங்கே ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

தங்கச்சிமடத்து அக்கா கட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். நான் வாங்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, என்னிடம் இருந்த உறைகளில் முப்பது கார்டைப் போட்டுக் கொடுத்து, மகளிடம் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை வந்து, கோல்கீப்பர் படம் மட்டும் தனியாகச் சேர்க்கிறேன் அண்ணா, என்னிடம் இரட்டையாக இருப்பதைத் தரட்டுமா என்று கேட்டாள். ஏழு கார்டு மாற்றிக்கொண்டோம். 26 வருஷத்தில் நான் நேருக்கு நேர் உட்கார்ந்து கார்டு மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை யாரிடமாவது பார்சலில் வந்த கார்டு இருந்தால் விற்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். என்னிடம் காட்டினால் எந்த வருஷம், யார் என்று பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். ஞாயிறு மதியம் கம்பெனியில் இருப்பேன், தடைக்காலத்தில் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.