சிவப்பு நூல்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்புச்சிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கம்பெனியில் ஆர்டர் நெருக்கம், தினமும் ஒன்றரை ஷிப்ட் போகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நீ நாலு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு சிரித்து, "சரிம்மா, வெக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். நான் கேட்க நினைத்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது.

சென்னையில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டதாமே. போன மூன்று ஞாயிறும் வீடியோவில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். நோம்பிக்கு வந்தபோதும் முழுக்கைச் சுடிதார்தான். இப்போது இதுதான் எல்லோரும் போடுகிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன்.

உடுப்பு விஷயமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கார் ரேஸ் ஓட்டப் போடுகிற உடுப்பு. முதலில் கிளவுஸ். நீ இன்னும் அந்தப் பழைய கோ-கார்ட் கிளவுஸைத்தான் போடுகிறாய் என்று தம்பி சொன்னான். கார்ட் என்கிற அந்தத் திறந்த குட்டி வண்டிக்கென்று தைப்பது, வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தரையில் உரசினால் தோல் உரியாமல் இருப்பதற்கு. நெருப்புக்கு அது தாங்காது. கார் ரேஸுக்கென்று தைப்பதுதான் நெருப்பை நினைத்துத் தைப்பது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் நீ திருப்பூர்க்காரி, துணியைத் தொட்டால் உனக்குத் தெரிய வேண்டாமா? டயருக்கு யோசிக்காமல் பணம் கட்டுகிறாய். கிளவுஸ் என்றால் "அடுத்த ரேஸுக்குப் பாத்துக்கலாம்" என்கிறாயாம். அடுத்த ரேஸ் வரைக்கும் கைக்கு என்ன பதில்?

தம்பி எனக்கு ஃபார்முலா ஒன் ரேஸில் ஓட்டின அந்தப் பிரெஞ்சுக்காரர் வீடியோவைக் காட்டினான். ரொமெய்ன் குரோஷான். 2020 நவம்பர் 29, பஹ்ரைன். வண்டி தடுப்பில் குத்தி இரண்டாகப் பிளந்து பந்தம் மாதிரி எரிகிறது. 28 வினாடி உள்ளே இருந்தார். நான் வீடியோவை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன். 28 வினாடியில் ஒரு பனியனுக்கு இரண்டு பக்கமும் ஓவர்லாக் அடித்துப் போட்டுவிடுவேன். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் தீக்குள்ளே. இடது கால் மாட்டிக்கொண்டது. ஷூவை அங்கேயே விட்டுவிட்டுக் காலை உருவிக்கொண்டு எழுந்து வந்தார். பெற்றவள் யாரோ, அவள் செய்த புண்ணியம். வெந்தது இரண்டு கையும்தான். ஃபார்முலா ஒன்காரர் போடுகிற கிளவுஸுக்கே அந்தக் கதி. நீ கோ-கார்ட் கிளவுஸோடு போகிறாய்.

இந்த உடுப்பெல்லாம் நெருப்பை நிறுத்தாது கண்ணு, நேரம்தான் வாங்கிக் கொடுக்கும். அமெரிக்காக்காரர்கள் ரேஸ் உடுப்புக்குக் குத்துகிற எஸ்எஃப்ஐ தர முத்திரையில் 3.2ஏ/1 என்று போட்ட ஒற்றை அடுக்கு உடுப்பென்றால், தோலில் கொப்புளம் எழும்ப 3 வினாடி. 3.2ஏ/5 என்றால் 10 வினாடி. உலகத்துக் கார் ரேஸுக்கெல்லாம் விதி போடுகிற எஃப்ஐஏ 2018-ல் கொண்டுவந்த தரத்துக்கு 12 வினாடியாவது தாங்க வேண்டுமாம். அதற்குள் பெல்ட்டை அவிழ்த்து, ஸ்டியரிங்கைக் கழற்றி, வெளியே வர வேண்டும். நீ எத்தனை வினாடியில் இறங்குவாய் என்று யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பழகு. புகையில் கண் தெரியாது.

உள்ளே என்ன போடுகிறாய்? உன்னை வளர்த்தவள், கேட்கலாம். நம் கம்பெனி லைக்ரா பனியனை எடுத்துக்கொண்டு போனாயே, அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காராதே. லைக்ரா மாதிரித் துணி எல்லாம் சூடு பட்டால் உருகித் தோலோடு போய்விடும். அதற்கென்று நெருப்பில் உருகாத நோமெக்ஸ் துணியில் பனியன் இருக்கிறது, முழுக்கை, முழுக்கால். வெயிலில் வேர்த்துக் கொட்டும் என்பாய். கொட்டட்டும். வேர்வை துடைக்க நான் வேண்டுமானால் துண்டோடு வந்து நிற்கிறேன்.

கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் நீ மூன்றாவதாக வந்தாயே, அந்தப் படத்தைக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினேன். ரேஸ்காரர் கரிவர்தன் பேரில் 2003-ல் அந்த ட்ராக்கைத் திறந்தபோது நீ பால்வாடி போய்க்கொண்டிருந்தாய். அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தவளுக்கு, பத்தொன்பது பேர் ஓட்டி மூன்றாவதாக வருகிற பிள்ளை பிறந்திருக்கிறாள். செக்கிங்கில் இருக்கிற அக்கா படத்தை வாங்கிப் பார்த்து, "இது பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றின படத்தைக் காட்டினேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் படத்திலும் உன் மூக்கில் மூக்குத்தி இருந்தது.

மூக்குத்தியைக் கழற்று. கம்மலையும் கழற்று. மூளிக் காதோடு வீட்டைவிட்டுப் போகாதே என்று உன்னைத் திட்டினவள் நான்தான். இப்போது நான்தான் சொல்கிறேன். உலோகம் சூடேறினால் பட்ட இடத்தில் முத்திரை குத்தும், ஹெல்மெட்டை அவசரத்தில் உருவும்போது காதையும் சேர்த்து இழுக்கும். முடியை வெளியே விடாதே, ஹெல்மெட்டுக்குள் தலையை மூடிப் போடுகிற பாலகிளாவாவுக்குள் முழுக்கச் செருகு. முடி எப்படிப் பற்றும் என்று கார்த்திகைக்கு விளக்கு வைத்தபோது பார்த்தவள்தானே நீ.

கழுத்துக்குப் போடுகிற அந்த ஹான்ஸைக் கடன் வாங்கித்தான் போடுகிறாயாம். அளவு சரியாக இருக்கிறதா? அமெரிக்காவில் ஹப்பர்ட் என்கிற பேராசிரியர், ரேஸ் ஓட்டுகிற தன் மச்சான் ஜிம் டவுனிங்கோடு சேர்ந்து உண்டாக்கினதாம் அது. உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்கிறது, தலையை யார் பிடிப்பது? ஹெல்மெட் கனம் வேறு. வண்டி சட்டென்று நின்றால் தலை மட்டும் முன்னால் போகும், மண்டையோட்டின் அடிப்பக்கம் விட்டுப்போகும். 2001-ல் அமெரிக்காவில் டேடோனா ரேஸில் டேல் எர்ன்ஹார்ட் அப்படித்தான் போனார். எத்தனை கோப்பை ஜெயித்தவர். ஹான்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டவர். ஃபார்முலா ஒன்னில் 2003-லிருந்து இல்லாமல் ஓட்டவே விடமாட்டார்கள் என்கிறான் தம்பி. நீ உன் அளவுக்கு ஒன்று வாங்கு. ஹெல்மெட்டும் ஸ்கூட்டருக்குப் போடுகிறது ஆகாது, கார் ரேஸுக்கான எஸ்ஏ முத்திரை போட்டிருக்க வேண்டும், அதன் உள்பஞ்சுதான் தீப்பிடிக்காது. இதெல்லாம் உனக்கு என்னைவிடத் தெரியும். தெரிந்துகொண்டு செய்யாமல் இருக்கிறாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

கிளவுஸ் வாங்கு.

அப்புறம் ரேஸ் சூட்டைத் துவைக்கும்போது, துணி மணக்க ஊற்றுகிற அந்த கண்டிஷனரை ஊற்றாதே. அதில் எண்ணெய்ப்பசை உண்டு, நெருப்புக்கு அது தீனி. ஆயில் கறையோடும் விட்டுவைக்காதே. உன் சூட்டின் முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை இருக்கிறது.

ஆமாம், நான் பையைத் திறந்துவிட்டேன்.

"கட்டிலுக்கு அடியில கெடக்கட்டும்மா, தொடாதே, அடுத்த தடவ எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வாரம் தொடவில்லை. அழுக்குத் துணியை மூட்டையாக வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது என்று உனக்குத் தெரியாதா?

இடது கை, தோளுக்குக் கீழே. துணி பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. அந்தத் துணியைக் குறை சொல்ல முடியாது, தன் வேலையைச் செய்திருக்கிறது. பேட்ஜ் மட்டும் ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நான் அடித்த சிவப்புத் தையல் இல்லை. தையல் இருந்த இடத்தில் கசகசா அளவுக்குக் கறுப்புக் கறுப்பாக மணிகள், வரிசையாக. கையை உள்பக்கமாகத் திருப்பினேன். உள் அடுக்கிலும் அதே வரிசை, அதே மணிகள். அந்த மணிகளோடு என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்னவென்று நான் எழுத மாட்டேன்.

எங்கே, எப்போது, எப்படிப் பற்றியது என்று நீ சொல்லவில்லை. பெட்ரோல் டியூப் விட்டுப்போனதா, உள்ளே எத்தனை வினாடி இருந்தாய், எதுவும் தெரியாது. உங்கப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. விட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு அடுப்படிக்குப் போனேன். கம்பெனிக்குப் புதுத் துணி வந்தால் மாஸ்டர் ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார் இல்லையா, அதே மாதிரி. சூட்டின் தையலிலிருந்தே ஒரு இழையை உருவி அடுப்பில் காட்டினேன். கறுத்தது, விறைத்தது, தீயைவிட்டு எடுத்ததும் அணைந்துபோனது. உருகவே இல்லை. அப்புறம் என் சிவப்பு கோனிலிருந்து ஒரு சாண் நூல். தீயில் படுவதற்கு முன்னாலேயே சுருங்கி ஓடியது, நுனியில் மணி கட்டிச் சொட்டியது. ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது. துடைத்தால் போகவில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு சொட்டு. உன் கையில் அது சுற்றிவர நாலு பக்கமும் இரட்டைத் தையல்.

நீ சொன்னாய். அந்த ராத்திரி, காலை அஞ்சரை பஸ்ஸுக்கு நீ கிளம்ப வேண்டும், "இதுக்குன்னு நோமெக்ஸ் நூல் இருக்கும்மா, மேல் துணியில மட்டும்தான் பிடிக்கோணும், உள்ள வரைக்கும் குத்தக்கூடாது" என்று பக்கத்தில் நின்று சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "இருபத்திரண்டு வருஷமா நூலோட கெடக்கறேன், எனக்கு நீ நூலைப் பத்திச் சொல்லித் தர்றியா?" முதலாளி பத்தாயிரம் ரூபாய் கொடுத்து நம் கம்பெனி பேட்ஜைப் போட்டுக்கொள்ளச் சொன்னது எனக்குத் தலைக்கேறியிருந்தது. பேட்ஜ் சுருக்கமில்லாமல் உட்கார வேண்டும், டிவியில் தெரிய வேண்டும், நாளைக்கு எல்லோரும் பார்க்க வேண்டும். சூட்டின் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து பவர் டேபிள் தையல் மெஷினில் ஓட்டினேன். பாலியஸ்டர் நூல். நிறம் பொருந்தியது என்று எடுத்தேன். நீ அதற்குமேல் பேசவில்லை. நான் கோபித்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டாய்.

எனக்குத் தெரியாததா? சின்ன மாமன் கையைக் கழுவித் துடைத்து மருந்து போட்டவள் யார்? அன்றைக்கு அவன் வேட்டி எரிந்த இடமெல்லாம் ஆறிப்போனது. அந்த டெரிலின் சட்டைதான் போகவில்லை. உருகிப் பிடித்த துணியை ஆஸ்பத்திரியில் எடுக்கும்போது அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அதைக் கேட்டவள், தெரிந்த கையாலேயே உனக்குத் தைத்திருக்கிறேன். லைக்ரா போடாதே, கண்டிஷனர் ஊற்றாதே என்று இவ்வளவு நேரம் உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்ததை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே கூசுகிறது.

நீ ஏன் சொல்லவில்லை என்று மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பெற்றவளிடம் மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டாளே என்று அப்புச்சியிடம்கூடப் புலம்பினேன். அப்புறம்தான் விளங்கியது. பட்ட காயத்தை மறைப்பவள் இல்லை நீ, சின்ன வயதில் முட்டி சிராய்த்தால் தெரு முழுக்கக் காட்டுவாய். என் தையல் என்பதால் மறைத்திருக்கிறாய். முழுக்கைச் சட்டை எனக்காகப் போட்டது.

வேண்டாம் சாமி. அம்மா தாங்குவேன்.

சூட்டைத் திருப்பிக் கேட்காதே. கட்டிங் கத்தரியால் நடுவில் வெட்டிவிட்டேன். ஒருதரம் சூடுபட்ட உடுப்பை, வெளியே பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நீ மறுபடி போடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஆடிச் சீட்டு இந்த மாதமே தள்ளி எடுத்துவிட்டேன். பணம் தம்பி அனுப்புவான். புது சூட், உள்ளே போடுகிற பனியன், கிளவுஸ், இந்த மூன்றும். டயருக்குப் போகக் கூடாது. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், பேட்ஜ் வேண்டாம், வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. ஏன் என்று கேட்டார். என் தப்பு என்று மட்டும் சொன்னேன். ரேஸை விடு என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

டாக்டரிடம் போனாயா? எந்த டாக்டர், என்ன மருந்து போடுகிறாய், தழும்பு இழுக்கிறதா, கையை முழுக்க மேலே தூக்க முடிகிறதா, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். சின்ன மாமன் கையைத் தூக்காமலே விட்டுவிட்டு அது மடங்கினபடியே நின்றுபோனது. நீ வலித்தாலும் தூக்கு.

வரும் ஞாயிறு காலையில் கூப்பிடு. உங்கப்பா சந்தைக்குப் போயிருப்பார், பதினொன்றுக்கு முன்னால் வரமாட்டார். முழுக்கை போடாமல் ஜன்னல் பக்கம் உட்கார். இடது கையை எனக்குக் காட்டு.

அம்மா