பறவைக் கணக்கு ஊராட்சிக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. வனத்துறையும் மாநிலம் முழுவதும் கணக்கெடுக்கிறது. ஆனால் முடிவுகள் எங்களைப் போன்ற கிராமத்தாரை வந்தடையும்போது, மொத்த எண்ணிக்கையும் இரண்டொரு அரிய பறவைகளின் பெயரும்தான் எஞ்சியிருக்கின்றன. எந்தக் குளத்தில் எந்தப் பறவை எத்தனை இருந்தது என்னும் விவரத்தைக் குளம் வாரியாகத் தமிழில் எழுதி, அந்தந்த ஊராட்சிக்கே அனுப்ப வேண்டுமென்று இக்கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கெடுப்பு எளிய வேலையன்று. வெயில் ஏறுவதற்கு முன், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு கரையில் நின்று, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணளவு பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மறுமுனை வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நடுக்குளத்தில் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் கலந்து கிடக்கும் வேளையில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் போதும், கூட்டம் முழுவதும் எழும்பி இடம் மாறிவிடும். எண்ணியதை விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இத்தனை பாடுபட்டுச் சேர்த்த எண்கள் குளத்துக்குச் சொந்தக்காரர்களான ஊர் மக்களின் கண்ணில் படாமல் போவது நியாயமாகத் தோன்றவில்லை.

கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஓர் ஈரநிலத்தில் 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து கூடுவதோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்குவதோ அப்பட்டியலுக்கான தகுதிகளில் அடங்கும் என்பதால், கணக்கெடுப்பின் மதிப்பை விளக்கத் தேவையில்லை. ஆனால் இமயத்தைக் கடந்து இங்கு வரும் வரித்தலை வாத்து சரணாலய எல்லையை அறியாது. சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும் அது போய்வருகிறது. அக்குளங்களில் வண்டல் எடுப்பதும், மீன்பிடிக் குத்தகை விடுவதும், உள்ளே நிற்கும் கருவேல மரங்களை வெட்டுவதும், அங்குள்ள பறவைகளைப் பற்றிய எந்தத் தகவலும் இல்லாமலேயே முடிவாகின்றன. நாரைகள் கூடு கட்டும் மரம் எது என்று ஏட்டில் இருந்தால், வெட்டுவதற்கு முன் ஒருவராவது கேள்வி கேட்பார். திருப்புடைமருதூரில் ஊர் மக்களே பறவைகளைக் காத்ததால்தான் 2005-இல் அது பாதுகாப்புக் காப்பகமானது.

எண்ணோடு குளத்தின் நிலையையும் எழுத வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. நீர் மட்டத்தையும் கரையின் நிலையையும் குறிக்காமல் அதற்கடுத்த ஜனவரிக் கணக்கை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். பறவையே இல்லாத குளத்துக்கும் சுழியம் என்று எழுதி அனுப்புவது மிக அவசியம். சென்ற ஆண்டு கருவால் மூக்கன் என்னும் நீர்ப்பறவைகள் இறங்கிய குளத்தில் இவ்வாண்டு ஒன்றும் இல்லையென்றால், அந்தச் சுழியத்தை முதலில் அறிய வேண்டியவர்கள் அவ்வூரார்தாம்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. ஜனவரிக் கணக்கைத் தொகுக்க அதற்குள் போதிய அவகாசம் உண்டு; கோடையில் வண்டல் எடுக்கும் பணிகள் தொடங்குவதும் அதற்குப் பிறகுதான். ஆகவே அன்றைய கூட்டப் பொருளில் அவ்வூர்க் குளத்தின் பறவைக் கணக்கை வாசிப்பதையும் சேர்க்க மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.