தோற்ற பிறகும் தேதி கேட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலையின் ரசிகர்களைப் பற்றி எழுதியிருந்தார். முதல் சண்டையிலிருந்து கடைசிச் சண்டை வரை உட்கார்ந்து பார்ப்பவன்தான் உண்மையான ரசிகன், பெரிய பெயர் வந்தால் மட்டும் டிவி போடுகிற 'கேஷுவல்' கூட்டம் அந்தப் பெயர் தோற்றதும் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. என் தம்பி அந்தக் கடிதத்தைக் கத்தரித்து என் தையல் மேசைமேல் வைத்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காரு" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் வீட்டிலேயே துணி தைக்கிறவள். 2007-இல் தம்பி பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கி வந்த வட்டுகளில்தான் முதன்முதலாக யுஎஃப்சி என்ற அமெரிக்க அமைப்பின் சண்டைகளைப் பார்த்தேன். ஜப்பானில் நடந்த பிரைட் சண்டைகளும் அவற்றில் இருந்தன. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை. அந்த நேரத்துக்கு மெஷின் வேலையை வைத்துக்கொள்ள மாட்டேன். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ரவிக்கைக்கு ஊக்கு தைப்பது, ஓரம் மடிப்பது மாதிரி கைவேலையை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவேன். யாருக்கும் பெயர் தெரியாத முதல் சண்டையிலிருந்தே பார்ப்பேன். அந்த அன்பரின் கணக்குப்படி நான் தீவிர ரசிகை.

அப்படியானால் தீவிர ரசிகர்கள் தோல்வியின்போது என்ன செய்தோம் என்பதை நானே சொல்கிறேன்.

2010 ஜூன் மாதம் ஃபெடோர் எமெலியானென்கோ தோற்றார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தோல்வியே இல்லாமல் இருந்த ரஷ்யர். சான் ஹோசேயில் ஃபாப்ரிசியோ வெர்டூமின் கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு 69 விநாடியில் தட்டிவிட்டார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த என் தம்பி, அந்த வாரமே அதைக் கிழித்து எடுத்தான். சேர்ந்து பார்க்கிற அவன் நண்பர்கள், "அவன் அடிச்சதெல்லாம் சோப்ளாங்கிகளை" என்று பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய வாரம்வரை அவரை மனிதப் பிறவியே இல்லை என்று கொண்டாடியவர்கள் இவர்களேதான். சண்டைகளைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் விட்டுவிட்டுப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

தம்பியைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு ஆண்டர்சன் சில்வா என்றால் உயிர். 2006 அக்டோபரில் பட்டம் வாங்கி 2013 ஜூலை வரை கையில் வைத்திருந்தவர். யுஎஃப்சியில் தொடர்ந்து பதினாறு வெற்றி. கிரிஸ் வைட்மனிடம் பட்டத்தை இழந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவருடன் மறுபடி மோதினார். நமக்கு அது 29-ஆம் தேதி, ஞாயிறு மதியம். பள்ளி திறக்கச் சில நாளே இருந்ததால் என் மடியில் ஒரு சின்னப் பிள்ளையின் நீலச் சீருடை. இரண்டாம் சுற்றில் சில்வா இடது காலால் தாழ்வாக உதைத்தார். வைட்மன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவின் கணைக்கால் எலும்பு அதில் பட்டு முறிந்தது. காலைப் பின்னால் வைத்து ஊன்றப் போனபோது அது துணி மாதிரி மடிந்தது. ஊசி என் விரலில் ஏறியிருப்பது, சீருடையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் சண்டைகளை நான் பார்க்கவில்லை. 2015 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது நான் டிவியைப் போடவே இல்லை. மற்றவர்களின் சண்டைகளையெல்லாம் பார்த்தேன், அவருடையதை மட்டும் விட்டேன். பாசத்தினால்தான் பார்க்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கூண்டுக்குள் இருந்த அவருக்கு நான் இல்லாமல் போனவள்தானே?

இப்போது என் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2017 மே 26, வெள்ளிக்கிழமை இரவு. சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் நம் கோலாலம்பூர்ப் பையன் அகிலன் தானி, ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய அமைப்பின் வெல்டர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரெனை எதிர்கொண்டார். அகிலனுக்கு அப்போது 21 வயது. ஆஸ்க்ரென் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர், அதுவரை தோல்வியே காணாதவர். பத்திரிகையில் அகிலன் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு சண்டைகூடப் பார்த்தவரில்லை. "நம்ம புள்ள, யாராவது ஒருத்தர் சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காரணும்ல" என்று சொல்லி, என் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஆஸ்க்ரென் அவரைக் கீழே தள்ளியதும் அக்கா, "ஏன் படுத்தே இருக்காங்க? எழுந்திருக்கச் சொல்லுங்களேன்" என்றார். தம்பியின் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "அக்கா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. மெகா தொடர் போடட்டுமா?" என்றான் ஒருவன். அக்கா முகம் சுருங்கியது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். முதல் சுற்றிலேயே அகிலன் கைமுக்கோணப் பிடியில் தட்டினார். சண்டை முடிந்தது. பையன்கள் போகும்போது, "ஒலிம்பிக் போனவன்கிட்ட மாட்டினா இப்படித்தான், இனிமே இவனுக்குப் பட்டம் எல்லாம் கனவு" என்று முடிவு கட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா போகவில்லை. "கழுத்தை நெரிச்சானா? மூச்சு நின்னுச்சா அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டார். மூச்சு இல்லை அக்கா, ரத்த ஓட்டம் என்றேன். அவருடைய வலது கையைத் தூக்கி அவர் காதோடு ஒட்டி வைத்தேன். அந்தக் கையையும் கழுத்தையும் சேர்த்து என் கையால் வளைத்து மெதுவாக இறுக்கினேன். கழுத்தின் ஒரு பக்கத்தை என் கை அழுத்தும், இன்னொரு பக்கத்தை அவருடைய தோளே அழுத்தும். இரண்டு பக்கமும் மூளைக்குப் போகிற ரத்தம் தடைபட்டால் சில விநாடியில் மயக்கம் வந்துவிடும், அதற்கு முன் தட்டிவிட வேண்டும். அக்கா என் முழங்கையைத் தட்டினார், விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவன் தோளே அவன் கழுத்தை அடைச்சிருக்கு" என்றார். அப்புறம், "அடுத்தது எப்போ?" என்றார்.

அதன் பிறகு ரவிக்கை கொடுக்க வரும்போதெல்லாம் அதே கேள்விதான். "அந்தப் புள்ளைக்குச் சண்டை இருக்கா?" வேறு யாருடைய சண்டையும் அவருக்கு வேண்டாம். மற்றபடி இந்த விளையாட்டு நடக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. 2019 ஜூன் 15-ஆம் தேதி ஷாங்காயில் அகிலன், யோஷிஹிரோ அகியாமாவுடன் மோதினார். அகியாமா ஜப்பானில் பெரிய பெயர், ஜூடோவிலிருந்து வந்தவர். தேதியை ஒரு மாதத்துக்கு முன் நான் சொல்லி வைத்தேன். பிறகு வேலையில் நானே மறந்துவிட்டேன். அன்று கதவைத் தட்டியவர் அக்கா. தம்பியின் நண்பர்கள் ஒருவரும் வரவில்லை. கைப்பேசியை நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்தோம். மூன்று சுற்று முடிய மூன்று நடுவர்களும் அகிலனுக்கே கொடுத்தார்கள். அறிவிப்பு வரும்வரை அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை.

இவரை என்னவென்று சொல்வது, அன்பரே? கேஷுவல் என்றா?

பெரிய பெயரைப் பார்த்து வருகிறவர்களையும் அந்த அன்பர் சாடியிருக்கிறார். 2018 அக்டோபரில் லாஸ் வேகாஸில் கபீப் நுர்மகமெதோவ் – கோனோர் மெக்ரெகர் சண்டையை 2.4 மில்லியன் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள். யுஎஃப்சியில் அதற்கு முன் அப்படி ஒரு கணக்கு இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது, என் மேசையில் தைக்காத ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. மெக்ரெகரைப் பார்க்க வேண்டும் என்று என் உடன்பிறந்த அக்காவின் மகன் வந்து உட்கார்ந்தான், அவனுக்கு வேறு ஒருவர் பெயரும் தெரியாது. மெக்ரெகருக்கு முன்னால் டோனி ஃபெர்குசனும் அந்தோணி பெட்டிஸும் மோதினார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம், இரண்டு பேரும் பின்வாங்கவில்லை. இரண்டாம் சுற்று முடிந்து பெட்டிஸ் மூலைக்கு வந்தபோது கை முறிந்திருந்தது. பயிற்சியாளர் சண்டையை நிறுத்தினார். பையன் எழுந்து நின்றுவிட்டான். மெக்ரெகர் தோற்றதைப் பற்றி அவன் அன்று பேசவே இல்லை. "இந்த டோனி யாரு சின்னம்மா?" என்றுதான் கேட்டான். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி கண்ட ஃபெர்குசன், 2020 மே முதல் 2024 ஆகஸ்டுக்குள் வரிசையாக எட்டு முறை தோற்றார். எட்டையும் அவன் பார்த்தான். ஒவ்வொரு முறையும் நல்லது நடக்கும் என்று நம்பித்தான் பார்த்தான். அன்று அவனை வாசலிலேயே யாராவது கேலி செய்து அனுப்பியிருந்தால்?

இன்று மூத்த ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலர், 2005 ஏப்ரலில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் போனரும் மோதிய சண்டையில்தான் உள்ளே வந்தார்கள். தனிக் கட்டணம் இல்லாமல் கேபிள் டிவியில் வந்ததால், சேனல் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்த சண்டை அது. 1993-இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியிலிருந்து பார்த்தவர்களுக்கு இவர்கள் அன்று புதுக் கூட்டம்தான்.

தீவிர ரசிகர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அரங்கில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது முதல் சண்டைக்கு வருகிற பையனுக்குக் கைதட்டுகிறவர்கள் இவர்கள்தான். ஃபெர்குசனை எட்டுத் தோல்விக்கும் கைவிடாதவர்களில் பெரும்பாலோர் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். தரையில் நடக்கிற சண்டை சலிப்பில்லை என்று எனக்கே புரிய வைத்தவன் என் தம்பி. அந்த அறிவை அடுத்தவரைச் சிறுமைப்படுத்தப் பயன்படுத்தும்போதுதான் எனக்கு வலிக்கிறது. அன்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பதில் தெரிந்த நான்கு பேர் அந்த அறையில் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை.

2021 ஜூனில் கொரோனாவால் நாடு முழுக்கக் கட்டுப்பாட்டு ஆணை. தைக்கக் கொடுக்கவும் வாங்கவும் ஆள் வரவில்லை. அந்த மாதம் ஒரு ஞாயிறு காலை, 46 வயது ஆண்டர்சன் சில்வா மெக்சிகோவில் ஜூலியோ சீசர் சாவேஸ் ஜூனியருடன் குத்துச்சண்டை போட்டு வென்றார். ஏழரை வருடம் கழித்து நான் அவரை முழுதாகப் பார்த்தேன். அந்த இடது காலில் அவர் ஊன்றி நின்றதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டத்துக்குப் போகும்போது நம் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், அதைப் பார்த்துத்தான் அக்கா மாதிரி ஆட்கள் வருகிறார்கள், அதற்கு நன்றி. தோற்ற பிறகும் அவர்களைப் பற்றி எழுதுங்கள். அடுத்து எங்கே, யாருடன் மோதுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தால் போதும். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றில்லை, ஜொகூர் வீராங்கனை ஜிஹின் ராட்ஸுவான் மாதிரி நம் நாட்டுப் பெண்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். இங்கிலீஷ் இணையப் பக்கங்களைத் தேடிப் பார்க்க அக்காவுக்குத் தெரியாது. உங்கள் பத்திரிகையைத்தான் காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார். தேதியை மட்டும் போடுங்கள். அன்றைக்கு நாற்காலி எடுத்துப் போட்டு வைக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கிள்ளான்