ஓசோன் ஓட்டையில் வெயில் ஒழுகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டு வீடுகள் பற்றிய கட்டுரை. படங்கள் அருமை. நடுவில் ஒரு வரி: "ஓசோன் ஓட்டை வழியாக வெயில் அதிகம் இறங்குவதால் பூமி சூடாகிறது." தாங்கள் அறியாததல்ல, 1985இல் தெரியவந்த அந்த ஓட்டை அண்டார்க்டிகாவுக்கு மேலே, செப்டம்பர் அக்டோபரில் விரிவது. அது உள்ளே விடுவது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவதோ, தரை திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர், கரியமில வாயு போன்றவற்றால் வெளியேற முடியாமல் தடைபடுவதால். வெயில்தான் கூடியிருக்கிறது என்றால், ஓசோன் இருக்கும் உயர் காற்றடுக்கான அடுக்கு மண்டலத்தின் மேற்பகுதியும் சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அங்கே குளிர்ந்துகொண்டு வருகிறது.

முன்பு இதே இதழில், "வெறும் 0.04 சதவீதக் கரியமில வாயு என்ன செய்துவிடும்?" என்று ஒருவர் கேட்டதையும் பெருந்தன்மையோடு பிரசுரித்தீர்கள். காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டும் ஒரே வகை அணுக்கள் ஜோடி சேர்ந்தவை. அதிர்ந்தாலும் மின்சமநிலை குலையாது, அகச்சிவப்பு அவற்றைச் சட்டை செய்யாமல் போய்விடும். கரியமில வாயு மூலக்கூறு வளைந்து அதிரும்போது அந்தச் சமநிலை குலையும். அந்த அதிர்வு 15 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை விழுங்கும். விழுங்கியதைத் திரும்ப உமிழ்வதற்குள் பெரும்பாலும் பக்கத்து நைட்ரஜனில் மோதி அதனிடம் கொடுத்துவிடும். இப்படித்தான் சுற்றியுள்ள காற்றே சூடேறுகிறது. 15 லிட்டர் வாளியில் 0.04 சதவீதம் என்பது 6 மில்லி. அவ்வளவு சொட்டு நீலத்தைக் கலக்கி வேட்டியை முக்கியெடுத்துவிட்டு அவர் பேசட்டும்.

கத்திரி வந்தால் "சூரியன் பூமியை நெருங்குகிறது" என்று வருஷம் தவறாமல் போடுகிறீர்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. அதாவது மார்கழிக் குளிரில். மிகத் தள்ளியிருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி. காரைக்குடியில் சூரியன் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் நடுவில். தரை சூடேறி முடிக்க மேலும் சில வாரமாகும், அவ்வளவே.

வானம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறதா என்று சந்தேகிப்பவர்கள் இரவில் வளவு முற்றத்தில் நின்று அகச்சிவப்பு வெப்பமானியை மேலே நீட்டிப் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் கருவி ஆகாது, 'லோ' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். மின்பலகைச் சூடு பார்க்க எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் வகை வேண்டும். தெளிந்த வானத்தை விட மேகம் மூடிய வானம் நன்றாகவே கூடுதலாகக் காட்டும். ஆனால் அந்தக் கருவி பொதுவாக 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும். ஆகவே அதில் தெரிவது பெரும்பாலும் நீராவியும் மேகமும் அனுப்புவது, கரியமில வாயுவின் பங்கை அதில் தேடக் கூடாது. தளம் மேலே அனுப்பும் வெப்பம் முழுவதையும் தெளிந்த வானம் திருப்பித் தராது; முற்றத்துத் தளம் விடியலில் சில்லென்று இருப்பதற்கு இரவு வானமும் ஒரு காரணம். கட்டுரையாளர் அதையாவது எழுதியிருக்கலாம்.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போதும். அப்படியே, "104 டிகிரி வெயில்" என்று போடும்போது பாரன்ஹீட் என்று ஒரு சொல் சேருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 100 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி