காரணி காணுமுன் கோவையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 10 படிக்கும் என் பேத்தி போன கிழமை 9க² − 16 என்ற கோவைக்குக் காரணி காண, அதாவது அதை இரண்டு கோவைகளின் பெருக்கமாக எழுத, அரைப் பக்கம் எழுதியிருந்தாள். (கொப்பியில் இருந்தது ஆங்கில எழுத்து. இங்கே ‘க’ என்று வைத்துக்கொள்கிறேன்.) 9 ஐயும் −16 ஐயும் பெருக்கி −144, கூட்டினால் பூச்சியம் வரும் சோடி 12, −12, பிறகு நாலு உறுப்பாகப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து... விடை சரிதான். ஆனால் க² வரும் எல்லா இருபடிக் கோவைக்கும் இந்த ஒரு வழியையே பாடமாக்கும்படி ரியூசனில் சொன்னார்களாம். அதுதான் மனதை வருத்துகிறது.

9க² என்பது 3க இன் வர்க்கம். 16 என்பது 4 இன் வர்க்கம். நடுவில் கழித்தல். ஆகவே (3க − 4)(3க + 4). ஒரே வரி!

ஏன் அப்படி என்று கேட்டாள். உங்கள் பத்திரிகையின் பழைய தாளொன்றைச் சதுரமாக வெட்டி, ஒரு மூலையிலிருந்து சின்னச் சதுரமொன்றை எடுக்கச் சொன்னேன். மிஞ்சியது ‘ட’ எழுத்துப் போல இருந்தது. அதை இரண்டு செவ்வகமாக நறுக்கி நீளவாட்டில் பொருத்தினோம். வந்த செவ்வகத்தின் நீளம் இரு சதுரப் பக்கங்களின் கூட்டுத்தொகை, அகலம் அவற்றின் வித்தியாசம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்ப 103 ஐ 97 ஆல் பெருக்கினால் 10000 இல் 9 குறையும், 9991 தானே அம்மம்மா?” என்றாள். முப்பது வருடம் படிப்பித்த எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வடிவத்தைப் பார்ப்பதென்றால் முழுதாகப் பார்க்கவும் வேண்டும். 4க² + 12க + 9 நிறைவர்க்கம், (2க + 3)². நடு உறுப்பு 13க ஆக இருந்தால் இரு அந்தங்களும் அதே வர்க்கங்கள்தான், ஆனாலும் விடை (4க + 9)(க + 1). அங்கே சோடி தேடத்தான் வேண்டும். 2க² − 18 இல் பொதுக்காரணி 2 ஐ வெளியே எடுத்த பிறகே வர்க்கங்கள் கண்ணுக்குத் தெரியும். க² + 9 ஐ (க + 3)² என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். க வுக்கு 1 ஐப் போட்டால் ஒன்று 10, மற்றது 16.

கணித ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். கரும்பலகையில் கோவையை எழுதியதும் “விடை என்ன?” என்று கேட்காமல், “இது எந்த வகை?” என்று கேட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். உங்கள் மாணவர் பக்கத்திலும் விடையைக் கேட்காமல் வகையை மட்டும் கேட்கும் பயிற்சிகளைப் போட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கோண்டாவில்.